பூ, கதவு, பஸ்

"ஒன் அண்ணன் மண்டையிலதான் ஒண்ணுமில்ல... ஒன் மண்டையில மட்டும் என்னா இருக்கப் போவுது, டீச்சரம்மா?"

எஹலியகொடப் பக்கத்திலுள்ள எங்கள் ரப்பர் தோட்டத்தில், காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில், எல்லார் முன்னாலும் கங்காணி என்னிடம் கேட்டது இது. அவர் வாயை அடைப்பதற்காக, மூளையில் அடிபட்ட என் அண்ணனை மருத்துவர்களிடம் சுகமானவனாகக் காட்டி ஏமாற்றினேன். ஆம், நான்தான்!

அண்ணன் சிங்களம் சரளமாகப் பேசுவான். இராணுவத்தில் சமையல்காரனாக இருந்தான். முகாமில் விழுந்த ஷெல் குண்டு அவன் தலையைக் கிழித்தது. காயம் ஆறியதும் விடுப்பில் அனுப்பினார்கள். நடந்தான், சிரித்தான், எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். நீங்கள் பார்த்திருந்தாலும் ஒரு குறையும் கண்டிருக்க மாட்டீர்கள்.

ஆனால் தேநீர் வடிக்கச் சொன்னால், சாயத்தைக் கொட்டிவிட்டுச் சக்கையைக் கோப்பையில் தருவான். அப்பாவுக்குப் பதிலாக ஒருநாள் பால் வெட்டப் போனான். ஒவ்வொரு வெட்டும் அத்தனை சுத்தம்... ஒரு மரத்திலும் பால் பிடிக்கும் சிரட்டை வைக்கவில்லை! பால் முழுவதும் மண்ணில் வழிந்தது. கைக்குத் தொழில் மறக்கவில்லை. எதற்குப் பின் எது என்பதுதான் அழிந்துபோயிருந்தது. அன்றுதான் கங்காணி அப்படிக் கேட்டார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அந்தத் திமிர் எனக்கு இருந்தது; கங்காணியின் 'டீச்சரம்மா' கிண்டலும் அதனால்தான்.

இராணுவ மருத்துவக் குழுவின் முதல் பரிசோதனைக்குத் துணையாகப் போயிருந்தேன். மருத்துவர் மூன்று சொற்கள் சொன்னார்: பூ, கதவு, பஸ். சற்றுப் பொறுத்துத் திருப்பிக் கேட்டார். அண்ணன் விழித்தான். கடிகாரம் வரையச் சொன்னார். எண்களையெல்லாம் ஒரே பக்கத்தில் குவித்தான். ஆறு மாதத்தில் மறுபடி வரச் சொன்னார்கள்.

ஆறு மாதமும் பாடம் நடத்தினேன்! எங்கள் லயத்து வீட்டு வாசலில் உட்கார வைத்து, காலையும் மாலையும் அதே சொற்கள், அதே கடிகாரம். அவன் அழுத நாளிலும் விடவில்லை.

அதே கேள்விகள்தாம் வந்தன. தேறினான். வேலைக்குத் தகுதியானவன் என்றது சான்றிதழ். அதைக் கங்காணியின் முகத்துக்கு நேரே நீட்டினேன்... எவ்வளவு இனித்தது தெரியுமா!

முகாம் சமையலறைக்கே திரும்ப அழைத்தார்கள். அடுப்பில் எண்ணெயை வைத்தவன் அதை மறந்து வெங்காயம் உரிக்கப் போய்விட்டான். தீப்பிடித்தது. வலது கை முழங்கை வரை வெந்தது.

கவனக்குறைவாம்! அப்படி எழுதித்தான் வேலையிலிருந்து நீக்கினார்கள். ஊனக் கொடுப்பனவும் இல்லை. தகுதியானவன் என்ற தாள்தான் இருக்கிறதே! யாரைத் திட்டுவது? ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டவரையா? கங்காணியையா? திட்டத்தான் செய்கிறேன், தினமும். ஆனால் சொல்லிக் கொடுத்த வாய் யாருடையது?

இன்றும் என்னைக் கண்டதும் அண்ணன் நிமிர்ந்து உட்காருவான்.

"பூ, கதவு, பஸ். சரியா தங்கச்சி?"

"சரிண்ணே."

வேறென்ன சொல்வேன்?

நேற்று மருத்துவக் குழுவுக்குச் சிங்களத்தில் எல்லாவற்றையும் எழுதி, என் பெயரைப் போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பினேன். கடைசி வரி இது: அவரை மறுபடி அழையுங்கள். இம்முறை வேறு சொற்களைக் கேளுங்கள். நான் அறைக்கு வெளியே நிற்கிறேன்.