கத்தரிப்பூ நிறச் சேலை

அந்தச் சேலையை நான் முதலில் பார்த்தது கொடியில். அன்னவாசல் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நர்சம்மா குடியிருந்த ஓட்டுவீட்டு வாசலில், நாலைந்து வெள்ளைச் சேலைகளுக்கு நடுவே, கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. உலகச் சண்டை நடந்த காலம் அது. துணிக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஊரே கால்கடுக்க நின்றது. நானே கல்யாணத்துக்கு எடுத்த சேலையைக் கிழிசல் தைத்துத்தான் உடுத்திக்கொண்டிருந்தேன். இந்தக் காலத்தில் இப்படி ஒரு சேலை எங்கிருந்து வந்தது, யார் வாங்கிக் கொடுத்தது என்றுதான் என் புத்தி முதலில் போயிற்று. சந்தேகம் எனக்குக் கூடப் பிறந்தது. பால்காரர் சிரித்தால் செம்பில் தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பேன். வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு, ஆஸ்பத்திரியில் காட்டப் போன வண்டியில் உட்கார்ந்துகொண்டும் அந்தக் குணம் போகவில்லை. பக்கத்தில் இருந்த என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், கொடியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நர்சம்மா திருச்சிப் பக்கத்துக்காரர். முப்பது வயதிருக்கும், கல்யாணம் ஆகாதவர். சந்தேகப்பட எங்கள் ஊருக்கு அதுவே போதும். எந்த நாளும் வெள்ளைச் சேலைதான் உடுத்துவார். ஆனால் எப்போதாவது ஒரு நாள் பிரசவத்துக்குப் போகும்போது அந்தக் கத்தரிப்பூ நிறச் சேலையைக் கட்டி, காதில் பச்சைக்கல் கம்மல் போட்டு, தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வண்டியேறுவார். பிள்ளைப்பேறு பார்க்கப் போகிற பொம்பளைக்கு இவ்வளவு சிங்காரம் எதற்கு என்று பேசினார்கள். பிறகு பேச்சு வேறு பக்கம் திரும்பியது. மளிகைக்கடைக்காரர் மனைவிக்கு வலி கண்டபோது அவர் வந்து இறங்கியது அந்தச் சேலையில், அந்த அம்மாள் பிழைக்கவில்லை. எங்கள் எதிர்வீட்டு மருமகளுக்கும் அதே சேலையில்தான் வந்தார், குழந்தை தங்கவில்லை. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க அதிக மூளை வேண்டியதில்லை. அது உயிரைக் கொண்டுபோகிற சேலை என்று அத்தை தீர்த்துச் சொல்லிவிட்டார். நானும் நம்பினேன், ஏன் நம்பமாட்டேன்?

அதனால் என்னைப் பார்க்க நர்சம்மா வரும் நாட்களில் நான் முதலில் பார்த்தது அவர் முகத்தை இல்லை, உடம்பில் என்ன நிறம் என்பதைத்தான். ஒவ்வொரு முறையும் வெள்ளை. அப்பாடா என்று இருக்கும். கடைசியாக வந்த அன்றைக்கு மட்டும் வயிற்றைத் தொட்ட கையை அவர் வெகுநேரம் எடுக்கவில்லை. இந்தப் பக்கம் அமுக்கினார், அந்தப் பக்கம் அமுக்கினார். என்னங்க என்று கேட்டதற்கு, வலி கண்டதும் உடனே வண்டி அனுப்பச் சொன்னார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாதவர்களை நான் எப்போதுமே நம்புவதில்லை. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

விடிந்தும் விடியாமலும் தொடங்கிய வலி உச்சிப்பொழுதாகியும் தீரவில்லை. என் வீட்டுக்காரர் வண்டியைப் பூட்டிக்கொண்டு அன்னவாசலுக்குப் போயிருந்தார். மாட்டுச் சலங்கைச் சத்தம் கேட்டதும் பாயில் கிடந்த நான் தலையைத் திருப்பிப் பார்த்தேன். அறைக் கதவு திறந்துதான் இருந்தது. வெயிலில் கத்தரிப்பூ நிறம் கண்ணைப் பறித்தது. கம்மல், கனகாம்பரம் எல்லாம் இருந்தன. அத்தை தாலி அறுத்தவர். நல்ல காரியத்துக்குப் போகிறவர்கள் எதிரில் வந்துவிடக் கூடாதென்று ஒதுங்கியே பழகியவர். அவர் அன்றைக்கு நிலைவாசலுக்குக் குறுக்கே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார்.

"இந்தச் சேலையோட உள்ள வராதீங்க. எங்க வீட்டுக்கு இது வேண்டாம்," என்றார்.

நர்சம்மா கோபப்படவில்லை. ஊர் பேசுவதெல்லாம் அவர் காதுக்கும் போயிருக்கும்போல. பையைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகத்தான் சொன்னார்.

"அம்மா, சேலை யாரையும் கொண்டுபோகாது. கஷ்டமான கேஸுன்னு தெரிஞ்சாத்தான் நான் இதை எடுக்கிறதே. திருச்சியில மொதமொதல்ல ஒரு பொண்ணு என் கையிலயே போயிட்டா. அதுலேருந்து இந்த மாதிரி கூப்பிட்டா எனக்குக் கால் எழும்ப மாட்டேங்குது. நல்லதா உடுத்தி, பூ வச்சு, கண்ணாடியில பாப்பேன். பளிச்சுன்னு ஒருத்தி தெரிவா. சரி, இவ போவா, இவ செஞ்சிருவான்னு தோணும். அவளைத்தான் அனுப்பி வைக்கிறேன்."

அத்தைக்கு அது புரிந்ததோ என்னவோ, எனக்குப் புரிந்தது. சேலை மேல் இருந்த சந்தேகம் போன அதே நேரத்தில் என் உயிர் மேல் சந்தேகம் வந்துவிட்டது. அப்படியென்றால் கஷ்டமான கேஸ் நான்தான். அன்றைக்கு வயிற்றைவிட்டுக் கையை எடுக்காமல் இருந்தது இதற்குத்தான். சொல்ல வெட்கமில்லை, நான் அழுதேன். அழுகைக்கு நடுவிலும் என் பாழாய்ப்போன புத்தி கணக்குப் போட்டது. வெள்ளையில் வந்திருந்தால் ஒன்றும் தெரியாமல் வந்திருக்கிறார் என்று அர்த்தம். இவர் தெரிந்தே வந்திருக்கிறார். பயந்துகொண்டே வந்திருக்கிறார், ஆனாலும் வந்துவிட்டார். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

"அத்தை, வழிய விடுங்க. அவங்க வரட்டும்," என்று கத்தினேன். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவரிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அத்தை ஒரு கையை இறக்கினார், அப்புறம் இன்னொன்றையும் இறக்கினார்.

பிள்ளைக்குக் கால்தான் முன்னால் வந்தது. நர்சம்மா சேலைக்கு மேல் வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு குனிந்தவர், பொழுது சாய்கிறவரை நிமிரவில்லை. என் கைக்குப் பிடிமானமாக அகப்பட்டது அவருடைய முந்தானை. நான் இழுத்த இழுப்பில் அது தலைப்பிலிருந்து இடுப்புவரை சர்ரென்று கிழிந்தது. சத்தம் எனக்கே கேட்டது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, விடாத தாயி, விடாத என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளை நீலம் பாரித்துப் பேச்சுமூச்சில்லாமல் வந்து, தலைகீழாகத் தூக்கித் தட்டியபிறகு அழுதது. பெண். அதைத் துடைத்து என் பக்கத்தில் போட்டபிறகுதான் நர்சம்மா சுவரில் சாய்ந்தார். பூவெல்லாம் எங்கே உதிர்ந்ததோ தெரியவில்லை.

இப்போது புதுக்கோட்டை ஜவுளிக்கடையில் பெண்கள் சேலையைத் தோளில் போட்டுக் கண்ணாடி முன் நிற்கிறார்கள். இந்தக் கலர் போட்டால் மனசுக்குத் தெம்பாக இருக்கிறது என்று சொல்லியே வாங்குகிறார்கள். எனக்கு அவர்கள் மேலும் சந்தேகம்தான். விசேஷம் ஒன்றும் இல்லாமல் ஒருத்தி பளிச்சென்று உடுத்தி வந்தால், பாவம், இவளுக்கு இன்றைக்கு என்ன கஷ்டமோ என்று பார்ப்பேன். பல தடவை அது சரியாகத்தான் இருக்கிறது.

அன்றைக்குக் கிழிந்த சேலையை நர்சம்மாவால் திரும்ப உடுத்த முடியவில்லை. புதிதாக எடுக்கலாம் என்றால் கடையில் துணி இல்லை. என் மகள் தவழத் தொடங்கிய சமயம் எதிர்வீட்டு மருமகளுக்கு மறுபடியும் வலி கண்டது. இந்தத் தடவை நர்சம்மா வெள்ளைச் சேலையில் வந்து இறங்கினார். தெருவே நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது. வண்டியைவிட்டு இறங்கியவர் ஓரடி எடுத்து வைத்துவிட்டு, பையைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். எங்கள் வாசலிலிருந்து அதைப் பார்த்த அத்தை, இங்கிட்டு வாங்க என்று அவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தார். தகரப் பெட்டியைத் திறந்து அடியிலிருந்து தன்னுடைய கூறைச்சேலையை எடுத்தார். அரக்கு நிறம். மாமா போனதிலிருந்து அத்தை அதை வெளியே எடுத்து நான் கண்டதில்லை. தான் போகிற அன்றைக்குத் தன்மேல் போர்த்த வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார்.

"நான் அறுத்தவ. இது அறுத்தவ சேலை. ஒங்களுக்கு ஆகும்னா உடுத்திக்கங்க," என்றார். வார்த்தை வெளியே வர அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

நர்சம்மா வாங்கி உடுத்திக்கொண்டார். என் சின்னக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தார்.

அத்தை அவருக்கு முன்னால் தெருவைத் தாண்டி நடந்தார். எதிர்வீட்டு வாசலில் அந்தப் பெண்ணின் மாமியார் நின்றுகொண்டிருந்தார். அரக்குச் சேலையைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. நர்சம்மா நிறச்சேலையில் வந்தால் என்ன அர்த்தம் என்று அதற்குள் தெருவுக்கே தெரிந்திருந்தது.

"அவ்வளவு கஷ்டமாங்க?" என்று கேட்டார்.

"ஆமாம்மா," என்றார் நர்சம்மா.

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டார். பொழுது சாய்வதற்குள் ஆண்பிள்ளை பிறந்தது. அத்தை சேலையைத் திருப்பிக் கேட்கவில்லை. அவர் போன அன்றைக்கு, கடையில் எடுத்த கோடித்துணியைத்தான் போர்த்தினோம்.