சாக்ஸ் போட்ட காலோடு பார்த்த மிஷின்

புனேயில், ஔந்தில் அந்த மூன்றாம் மாடி வீட்டு வாசலில் ஒரு சோடி ரப்பர் செருப்பு கிடந்தது. வலது கால் வார் அறுந்து, அதைப் பின் ஊசியால் கோத்திருந்தார்கள். நான் ஷூவைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்துவிட்டு, சாக்ஸ் போட்ட காலோடு உள்ளே போனேன். கதவுக்கு உட்புறம் இன்னும் மூன்று சோடிகள் இருந்தன, அதில் ஒன்று கதவைத் திறந்தவர் காலில். மெத்தென்று, வீட்டுக்குள் மட்டும் போட்டுக்கொள்கிற செருப்புகள். புனேயில் டைல்ஸ் தரை வருஷத்தில் பாதி நாள் சில்லென்று கிடக்கும். பல வீடுகளில் இந்தப் பழக்கம் உண்டு. வெளியே ஒன்று, உள்ளே மூன்று. எல்லாவற்றையும் பார்த்தேன். பார்த்தது எனக்கு எதையும் சொல்லவில்லை.

வாஷிங் மிஷின் சர்வீஸ் வேலையில் எனக்கு அது இரண்டாவது வருஷம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசல் மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். மகர்பட்டாவில் நிற்கிற அடுக்குமாடிகளில் சிலவற்றுக்குக் கலவை சுமந்தவர். என் ஐ.டி.ஐ. சான்றிதழை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு அரிசி டப்பாவுக்கு மேலே வைத்திருக்கிறார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அது நனையக் கூடாது என்று மட்டும் தெரியும்.

அந்த வீட்டு மேடம் கோயம்புத்தூர்க்காரர். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். என் தமிழைக் கேட்டதும் முகம் மலர்ந்து, டீ போடச் சொல்லட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார்.

"மிஷின் நல்லாத்தானுங்க தம்பி ஓடுது. மாவ்ஷிக்குத்தான் ஷாக் அடிக்குதாமா. எங்க மூணு பேருக்கும் ஒண்ணும் பண்றதில்லைங்க."

மாவ்ஷி என்றால் மராத்தியில் சித்தி. இந்த ஊரில் வேலைக்கு வருகிற பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள், தமிழர் வீடாக இருந்தாலும். அந்த மாவ்ஷி எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர் என்பது அவர் வாயைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. நாற்பத்தைந்து வயது இருக்கும். ஈரத் துணியால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே, "அது ஆளப் பாத்துத்தான் கடிக்குது தம்பி" என்றார்.

"வேலைக்கு டிமிக்கி குடுக்க மிஷினையும் கூட்டுச் சேத்துக்கிட்டாங்க" என்று மேடம் சிரித்தார்.

"ஆமா, நானும் அதுவும் சங்கம் வச்சிருக்கோம்."

நானும் சிரித்தேன். எப்படிக் கடிக்கிறது என்று கேட்டதற்கு, துணியை வெளியே எடுக்கும்போது எறும்பு ஊர்வதுபோல முழங்கை வரைக்கும் ஏறுகிறது என்றார். பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "போன வாரம் கை ஒட்டிக்கிச்சு. உதறித்தான் எடுத்தேன்" என்றார்.

மிஷின் ட்ரை பால்கனியில் இருந்தது. பாத்திரம் கழுவவும் துணி உலர்த்தவும் சமையலறையை ஒட்டிக் கட்டியிருக்கும் சின்ன இடம் அது. தரை ஈரமாக இருந்ததால் நான் வாசற்படியில் நின்றுகொண்டே மிஷினின் மேல்தகட்டில் உள்ளங்கையை வைத்தேன். ஒன்றும் இல்லை. கதவு வளையத்தைத் தொட்டேன். ஒன்றும் இல்லை. டெஸ்டரை வைத்தால் விளக்கு மங்கலாக மினுங்கியது. எர்த் சரியில்லாத வீடுகளில் அப்படித்தான் மினுங்கும். பத்து வீட்டில் பார்த்திருக்கிறேன். பின்பக்கத் தகட்டைக் கழற்றி, தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டரின் இரண்டு முனைகளிலும் மீட்டரை வைத்தேன். அளவு சரியாக இருந்தது.

செய்யாமல் விட்டதையும் எழுதியாக வேண்டும். ஹீட்டர் முனைக்கும் மிஷின் உடம்புக்கும் நடுவே மீட்டரை வைத்துப் பார்க்கவில்லை. தண்ணீரைச் சூடாக்கிவிட்டுப் பார்க்கவும் இல்லை. குளிர்ந்து கிடக்கும்போது ஒழுங்காக இருக்கிற ஹீட்டர், சூடேறி விரிந்ததும் கரண்டைக் கசியவிடும். ஐ.டி.ஐ. நோட்டில் இதற்குக் கீழே நானே கோடு போட்டிருக்கிறேன். மிஷினின் ஒயர் ஜன்னல் பக்கம் ஆணியில் தொங்கிய ஒரு கறுப்பு எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குப் போனதையும் பார்த்தேன். அதையும் திறக்கவில்லை. தரை துடைத்துக்கொண்டிருந்த அந்த அக்காவை நம்பவில்லை என்று சொல்ல முடியாது. மேடத்தை நம்பினேன், அவ்வளவுதான்.

போனில் அந்த வீட்டுப் புகாரைத் திறந்து 'பழுதில்லை' என்ற கட்டத்தைத் தொட்டேன். படித்தவர் பார்த்துவிட்டார், இனிமேல் சாக்குச் சொல்லக் கூடாது என்று மேடம் விளையாட்டாகச் சொன்னார். அக்கா ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே என்னைப் பார்த்தார்.

"படிச்ச புள்ள சொன்னா சரிதான்."

எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை நல்ல காரியங்களுக்குச் சொல்வார்கள். அன்று அதைக் கேட்டுக்கொண்டு ஷூவுக்குள் காலை நுழைத்தபோது, பின் ஊசி போட்ட செருப்பு என் ஷூ முனையில் இடித்துப் புரண்டது. நிமிர்த்தி வைத்துவிட்டு இறங்கினேன்.

ஒரு வாரம் போயிருக்கும். இடையில் இரண்டு மூன்று தடவை 'ஒட்டிக்கிச்சு' என்ற சொல் மட்டும் தனியாக மனசுக்குள் வந்துபோனது. லேசான ஷாக் கையைத் தள்ளிவிடும். ஒட்டிக்கொள்வது வேறு சங்கதி. அந்த நினைப்பு வரும்போதெல்லாம் வேறு வேலையைப் பார்த்தேன்.

அன்று காலை மகர்பட்டாவில், தண்ணீர் வெளியேறாத ஒரு மிஷின். கீழே இருக்கும் வடிகட்டியைத் திருகியதும் தேங்கியிருந்த தண்ணீர் குபுக்கென்று கொட்டி என் சாக்ஸ் இரண்டும் தொப்பலாகிவிட்டன. கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றேன். அந்த வீட்டு அம்மாள், வயதான மராத்திக்காரர், தன் காலில் இருந்த ரப்பர் செருப்பை உதறி என் பக்கம் தள்ளிவிட்டார். ஈரத்தில் வெறுங்காலோடு கரண்ட் வேலை செய்யாதே, எங்களுக்கு ஒன்றும் ஆகாது, நாங்கள் எப்போதும் செருப்போடுதான் மிஷினைத் தொடுவோம் என்று மராத்தியில் அதட்டினார்.

நான் குனிந்து என் கால்களைப் பார்த்தேன். இந்த இரண்டு வருஷத்தில் வெறுங்காலோடு ஒரு மிஷின் முன்னால் நின்றதே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. வெளியே ஒன்று, உள்ளே மூன்று. அந்த வீட்டில் வெறுங்காலோடு ஈரத்தில் நிற்பது ஒரே ஒரு ஆள்தான். அது ஆளைப் பார்த்துத்தான் கடித்திருக்கிறது.

மேடத்துக்குப் போன் போட்டேன். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாம் தடவை எடுத்தபோது பின்னால் நாதஸ்வரம் கேட்டது. கோயம்புத்தூரில் சொந்தக்காரர் கல்யாணத்தில் இருக்கிறார்களாம். வீட்டுச் சாவி மாவ்ஷியிடம்தான் இருக்கிறது, திரும்பி வருவதற்குள் பெட்ஷீட், ஜன்னல் துணி எல்லாவற்றையும் சுடுதண்ணீரில் போட்டு எடுக்கச் சொல்லியிருக்கிறேன், இந்நேரம் வந்திருப்பார் என்றார்.

"அவங்கள மிஷினத் தொட வேண்டாம்னு சொல்லுங்க மேடம். இப்பவே சொல்லுங்க."

"நீங்கதானுங்களே ஒண்ணுமில்லைன்னு சொன்னீங்க?"

"தப்பாச் சொல்லிட்டேன்."

அவர் மாவ்ஷியைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு என்னை அழைத்தார். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை என்றார். அவர் குரலில் இப்போது சிரிப்பு இல்லை.

மகர்பட்டாவிலிருந்து ஔந்துக்கு ஊரையே குறுக்கே கடக்க வேண்டும். பைக்கில் போகும்போது நான் வேறு எதையும் நினைக்கவில்லை. மிஷின் ஓடுவதை மட்டும் மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். தண்ணீர் ஏறச் சில நிமிஷம். பிறகு ஹீட்டர் பிடிக்கும். பிடித்த கொஞ்ச நேரத்தில் அதன் உறை விரியத் தொடங்கும். யுனிவர்சிட்டி சர்க்கிளில் வண்டிகள் நகராமல் நின்றன. முன்னால் நின்ற பஸ்ஸின் பின்கண்ணாடியில் யாரோ விரலால் எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என்ன எழுதியிருந்தது என்று இப்போது ஞாபகம் இல்லை.

வாசலில் அந்தச் செருப்பு கிடந்தது. உள்ளே டிரம் சுற்றும் சத்தம் கேட்டது. பெல் அடித்தேன். கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. டிரம் ஒரு பக்கம் சுற்றி, நின்று, மறுபக்கம் சுற்றியது.

கீழே மீட்டர்கள் இருக்கும் அறைக்கு ஓடினேன். வாட்ச்மேன் ஹிந்தியில் ஏதோ கேட்டுக்கொண்டே பின்னால் வந்தார். அந்த வீட்டு மெயின் ஸ்விட்சைத் தேடி இறக்கிவிட்டு மறுபடி மூன்று மாடி ஏறினேன். இப்போது சத்தமே இல்லை. அந்த அமைதி எனக்கு அதைவிட மோசமாக இருந்தது. கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன்.

தாழ்ப்பாள் விலகியது. முழங்கால் வரை நனைந்த சேலையோடு அக்கா நின்றார்.

"கரண்டு போச்சேன்னு பாத்தா, நீயா? பாத்ரூம்ல மிதியடி தேய்ச்சிட்டிருந்தேன். தண்ணி சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

மிஷினைத் தொட்டீர்களா என்று மட்டும் கேட்டேன்.

"தொடறதா? நீ போன மறுநாளே கட்டய எடுத்துட்டேன்."

கூட்டிப்போய்க் காட்டினார். மிஷின் முன்னால் ஒரு மரப்பலகை. சுவரில் சாய்த்து வைத்த பழைய பூரிக்கட்டை. பலகை மேல் ஏறி நின்று கட்டையால் பொத்தானை அழுத்துவாராம். துணி எடுக்கும்போது முதலில் கட்டையாலேயே சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கிவிடுவாராம்.

"உன்ன நம்பலன்னு நெனைக்காத தம்பி. கை கேக்கல."

ஹீட்டர் இன்னும் சூடாக இருந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அன்று வைக்காத இடத்தில் மீட்டரை வைத்தேன். ஹீட்டருக்கும் மிஷின் தகட்டுக்கும் நடுவே கரண்ட் கசிய வழி இருப்பதை மீட்டர் காட்டியது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் திறந்தேன். மேலே மூன்று ஓட்டை. உள்ளே வந்ததோ இரண்டு ஒயர்தான். கசிகிற கரண்டைத் தரைக்குள் இறக்க வேண்டிய மூன்றாவது ஒயருக்கு உரிய இடம் காலியாக இருந்தது. அக்காவிடம் காட்டினேன். குனிந்து பார்த்து, "இவ்ளோதானா?" என்றார்.

மிஷினின் பிளக்கைக் கட்டரால் வெட்டி என் பையில் போட்டுக்கொண்டேன். மேடத்திடம் போனில் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. மாவ்ஷிக்கு வீட்டுக்குள்ளே போட்டுக்கொள்ள ஒரு செருப்பு வாங்கி வைக்கிறேன் என்றார். இத்தனை நாளாக அது தோன்றவில்லை பாருங்கள் என்றும் சொன்னார்.

அக்கா பூரிக்கட்டையைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார். "இன்னும் ரெண்டு வீட்டுலயும் இப்படித்தான் கட்ட வச்சேன்" என்றார், சாதாரணமாக. "அங்கயும் ஆள் வந்து பாத்துட்டு ஒண்ணுமில்லன்னுட்டாங்க."

எந்த வீடு என்று கேட்டேன். ஒன்று ஆற்றங்கரைப் பக்கம். இன்னொன்று பின்தெருவில், நீல கேட்டுக்கு உள்ளே, தரைத்தளம். மழைக்காலத்தில் அந்த நீல கேட்டைத் தள்ளிக்கொண்டு போனது எனக்கு ஞாபகம் வந்தது. போனைத் திறந்து தேடினேன். என் பெயருக்கு நேரே 'பழுதில்லை' என்று இருந்தது.

"என்ன எழுதியிருக்கு?" என்று அக்கா கேட்டார். படித்துக் காட்டினேன்.

அவர் முகம் மாறியது. "அந்த நீல கேட்டு வீட்ட போன மாசமே விட்டுட்டேன். இப்ப வேற ஒரு பொண்ணு வருது. கட்ட எதுக்குன்னு அதுகிட்ட சொன்னேனான்னு ஞாபகமில்ல."

இரண்டு பேரும் இறங்கினோம். அவருடைய அறுந்த செருப்பு ஒவ்வொரு படியிலும் பின்தங்கித் தங்கி வந்தது. நீல கேட்டுக்கு உள்ளே, அந்த வீட்டு வாசலில், சின்னக் காலுக்குரிய ஒரு சோடி கிடந்தது. உள்ளே டிரம் சுற்றிக்கொண்டிருந்தது. நான் பெல்லைத் தொடவில்லை. மீட்டர் பெட்டி எங்கே என்று பார்த்து அந்த வீட்டு மெயினை முதலில் இறக்கினேன்.

சத்தம் நின்றது. கதவைத் திறந்தது இருபது வயதுகூட ஆகாத ஒரு பெண். வெறுங்கால், ஈரக் கை. மிஷின் ஷாக் அடிக்கிறதா என்று மராத்தியில் கேட்டேன். ஆமாம் என்றாள். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

அவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, எல்லா மிஷினும் அப்படித்தானே இருக்கும் என்று கேட்டாள்.