குமாரசிங்கம் திறந்து பார்க்காத பக்கம்

பதுளையில், தேயிலைத் தோட்டப் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் கொடுக்கும் ஒரு நிதியத்தில் குமாரசிங்கம் பதினெட்டு வருடம் எழுதுவினைஞராக இருந்தார். கொழும்பில் மூன்று நாள் பயிற்சி எடுத்துவந்த கையோடு அறைக்கதவில் "கணினிப் பொறுப்பதிகாரி" என்று பலகை மாட்டினார். அந்த ஆணியை அடித்ததுதான் அந்த அறையில் அவர் பிழையில்லாமல் செய்த ஒரே வேலை. எனக்கு ஒன்றுவிட்ட மாமா. மெல்பேர்னில் கணினி வேலை பார்க்கும் நான், இந்த உறவை அங்கே யாரிடமும் சொல்வதில்லை.

2007இல் விண்ணப்பங்களை இணையத்தில் வாங்கத் தொடங்கினார்கள். அடையாள அட்டை எண்ணெல்லாம் கேட்பதால், அந்தப் படிவம் மட்டும் முகவரிக்குப் பக்கத்தில் பூட்டு தெரியும் பாதுகாப்பான பக்கத்தில் திறக்க வேண்டும். முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் சொற்களைப் பார்த்துத்தான் தளத்தை நடத்தும் சேர்வர் ஆளை அங்கே திருப்பிவிடும். அதற்கு ஒரு வரிக் கட்டளை போதும். மாமா எழுதிய வரி, அந்தச் சொற்கள் விண்ணப்பம் என்பதற்கான ஆங்கிலச் சொல்லில் தொடங்கினால் மட்டும் திருப்பிவிட்டது. ஆங்கிலப் பக்கம் அப்படித்தான் தொடங்கியது. தமிழ்ப் பக்கத்திலோ முதலில் மொழியின் பெயர், அதன் பிறகே விண்ணப்பம். ஆகவே தமிழில் நிரப்பியவர்கள் எல்லோரும் பூட்டில்லாத பக்கத்தில் நிரப்பினார்கள். அனுப்பியதும், பாதுகாப்பில்லாத பக்கத்திலிருந்து வந்தது என்று சேர்வர் ஏற்க மறுத்தது. மறுத்ததையும் ஆங்கிலத்தில் சொன்னது.

ஆறு கிழமையாகத் தமிழ் விண்ணப்பம் ஒன்றுகூட வரவில்லை. "தோட்டத்துப் பிள்ளையளுக்கு ஆர்வமில்லை" என்று கூட்டத்தில் மாமா சொன்னார். தலையாட்டுவதற்கு அங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை.

கடைசி நாள், வெள்ளிக்கிழமை நண்பகல், ஸ்பிரிங்வெளித் தோட்டத்துத் தனுஜா அவர் முன்னால் வந்து நின்றாள். அவளுக்கு ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. புலமைப்பரிசில் இல்லாவிட்டால் போக வழியில்லை. நடந்ததை அவள் பிறகு எனக்குச் சொன்னாள்.

"சார், ஸரூக் நானாவோட இன்டர்நெட் கடையில நாலு தடவ போட்டேங்க. திரும்பித் திரும்பி வந்துருது."

"நீர் எங்கையாவது பிழையாத் தட்டியிருப்பீர்."

"இல்லீங்க. இங்கிலீசுப் பக்கத்துல பூட்டு தெரியுது, தமிழ்ல தெரியல. நானாதான் காட்டினாரு."

"நெற் கடைக்காரன் எனக்குப் படிப்பிக்கிறானோ?" என்று மாமா ஆங்கிலப் பக்கத்தைத் திறந்தார். "பாரும், வேலை செய்யுதுதானே."

தமிழில் படித்தவர்கள் தமிழ்ப் படிவத்தையே நிரப்ப வேண்டும் என்பது அவரே போட்ட விதி. அவள் நகரவில்லை. "தமிழ்ல தெறங்க சார்."

திறந்தார். திரை முழுக்க வெறும் கட்டங்கள். அந்தக் கணினியில் தமிழ் எழுத்துருவே கிடையாது. கலைமகள் விழாவில் தாய்மொழியின் பெருமையை முக்கால் மணிநேரம் முழங்குகிற மனிதர், தன் தளத்தைத் தமிழில் ஒருநாளும் திறந்ததில்லை.

"கட்டங் கட்டமா இருக்கே சார். இத நீங்க எப்புடி வாசிச்சீங்க?"

அவளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு எனக்குத் தொலைபேசி எடுத்தார். "தம்பி, சேர்வர் சேட்டை விடுது. தமிழ்ப் பக்கத்துக்குப் பூட்டு வருகுதில்லை." ஆளைத் திருப்பிவிடும் அந்த வரியை வாசிக்கச் சொன்னேன். "தொடங்கினால்" என்று பொருள்தரும் ஒற்றைக் குறியை அழிக்கச் சொன்னேன். அழித்தார். தமிழ்ப் பக்கத்துக்கும் பூட்டு வந்தது.

"மாமா, முடிவுத் திகதியை ஒரு கிழமை தள்ளுங்கோ. இவ்வளவு நாளும் வந்த சனம் திரும்பிப் போயிருக்கு."

"தள்ளுறதெண்டால் காரணம் எழுத வேணுமெல்லோ."

"எழுதுங்கோவன்."

"எழுதிப்போட்டு? பென்சனுக்கு எனக்கு இன்னும் ரண்டு வருசம் கிடக்கு."

தொலைபேசியை வைத்துவிட்டுத் தனுஜாவை உள்ளே கூப்பிட்டார். தானம் கொடுப்பவர் தோரணையில், "இப்ப போய்ப் போடும். ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்லை" என்றார்.

"எங்க லயத்து வீடுகள்லயே இன்னும் ஆறு பேரு இருக்காங்க சார்."

"நாலு மணிக்குப் படிவம் மூடும். அது உங்கட பாடு."

ஒரு மணிக்கு முன்பே அவளுடைய விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. உடனே ஸரூக்கின் போனிலிருந்து தோட்டத்துக்குப் பேசினாள். நான்கு பேர் ஒரே திரீவீல் ஆட்டோவில் நெருக்கியடித்து வந்தார்கள். ஒருத்தி அவசரத்தில் அடையாள அட்டையை வீட்டில் விட்டுவிட்டாள். மற்ற மூவரும் நாலு மணிக்குள் அனுப்பினார்கள்.

தனுஜாவுக்குப் புலமைப்பரிசில் கிடைத்தது. அந்த வருட அறிக்கையில் மாமா, இணையத்தளத்தின் பயனாகத் தோட்டங்களிலிருந்து நான்கு விண்ணப்பங்கள் வந்ததாக எழுதினார்.

திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று சேர்வர் பதிவைப் பார்த்துச் சொல்லும்படி பின்னர் கேட்டேன்.

"அதை அண்டைக்கே அழிச்சுப்போட்டன் தம்பி," என்றார். "டிஸ்கில இடம் காணாது."