பதினான்காவது தட்டல்

பேய் என்று யாராவது சொன்னால் முகத்துக்கு நேரே சிரிக்கிற ஆள் நான். பெயர் யோகராஜ், வயது ஐம்பத்து நான்கு. கண்டி டவுனில் ஒரு கம்பனிக்காக வீடு வீடாக இன்டர்நெட் லைன் இழுக்கிற வேலை, இருபத்திரண்டு வருடமாக. மீற்றரில் காட்டாத எதையும் நான் நம்பியதில்லை. அப்படிப்பட்ட நான் சொல்கிறேன், இது நடந்தது. நேரத்தைக்கூட எழுதி வைத்திருக்கிறேன். எப்படி நடந்தது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

எனக்குப் பாட்டு கேட்கிற பைத்தியம் உண்டு. பிறந்து வளர்ந்தது மஹய்யாவயில். அங்கே ஒரு வீட்டு ரேடியோ நாலு வீட்டுக்குக் கேட்கும். நமக்கென்று ஒரு பாட்டை நாம் மட்டும் கேட்க முடியாது. கல்யாணம் முடித்து அம்பிட்டியவில் மேட்டு மேல் ஒரு வாடகை வீட்டுக்குப் போனதும் நான் செய்த முதல் காரியம், பின் அறையைப் பாட்டுக்கென்று ஒதுக்கியதுதான். பின்னாளில் அங்கே இன்டர்நெட்டில் இருந்து பாட்டை எடுக்கிற ஒரு பிளேயர், சத்தத்தைக் கூட்டுகிற ஒரு அம்ப், இரண்டு ஸ்பீக்கர் வந்தன. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மாலையானால் நானும் என் மனைவி கஜலட்சுமியும் அந்தப் பாட்டும்தான்.

மடவளை ஊர்க்காரன் மக்கீன் என்னோடு படித்தவன். டவுனில் ஸ்பீக்கர், அம்ப் விற்கிற கடை வைத்திருக்கிறான். போன வருடக் கடைசியில் ஒரு நாள் வெள்ளி நிறத்தில் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தான்.

"இன்டர்நெட் வயர் இதுக்குள்ளால பூந்து வந்தா அழுக்கெல்லாம் போயிரும் மச்சான். பாட்டு பளிங்கு மாதிரி ஈக்கும்."

"டேய், வயர்ல வர்றது சைபரும் ஒன்னும் தான்டா. சைபரைக் கழுவி என்ன ஆகப் போகுது?"

"ஒன்ட காதுக்கு வெளங்காது. ஒரு மாசம் வெச்சுப் பாரு."

அவன் சொன்னதற்குச் சிரித்துக்கொண்டே பெட்டியை மாட்டி வைத்தேன். ஆனால் இரண்டு நாள் கழித்துக் கஜா சொன்னாள்: "ஏங்க, வித்தியாசம் தெரியுதுங்க. பாட முந்தி அந்தம்மா மூச்சு இழுக்குறது கேக்குது. முந்தி கேக்கல."

எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறிவிட்டது. ஊரெல்லாம் லைன் இழுக்கிறவன் நான். என் வீட்டுக்குள்ளேயே இப்படி ஒரு கதையா? பரீட்சை வைப்போம் என்றேன்.

பரீட்சை இப்படி. பிளேயர் இருந்த மூலையை மறைத்து, சுவருக்குச் சுவர் கயிறு கட்டி, கருநீலக் கட்டில் விரிப்பு ஒன்றைத் தொங்கவிட்டேன். விரிப்புக்குப் பின்னால், பிளேயருக்குப் பக்கத்தில், தரையில் நான். முன்னால் பிரம்புக் கதிரையில் உட்கார்ந்து அவள். என்னிடம் இரண்டு வயர். ஒன்று நேராக வருவது, அது பழசு. மற்றது மக்கீனின் பெட்டி வழியாக வருவது, அது புதுசு. காசைச் சுண்டிப் பார்ப்பேன். பூ விழுந்தால் பழசு, தலை விழுந்தால் புதுசு. எது விழுந்தாலும் வயரைக் கழற்றித் திரும்பச் செருகுவேன், அந்தச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கக் கூடாதல்லவா? ஒரு நிமிடம் ஒரே பாட்டு ஓடும். அவள் தன் கொப்பியில் பழசா புதுசா என்று எழுதுவாள். எழுதி முடித்ததும் பென்சிலால் கதிரைக் கையில் ஒரு தட்டு. டொக். அதுதான் அடையாளம். பேசக் கூடாது. நான் என் தாளில் சரியான விடையைக் குறிப்பேன். மொத்தம் இருபது தரம். இருபதும் முடியும்வரை ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது. எல்லாம் நான் போட்ட சட்டம்.

டிசெம்பர் பன்னிரண்டாம் திகதி மாலை ஆரம்பித்தோம். பதின்மூன்று தட்டல் கேட்டது. அதற்குப் பிறகு விரிப்புக்கு அந்தப் பக்கம் இருந்து கஜா பேசினாள்.

"ஏங்க, நெஞ்சு ஒரு மாதிரியா இருக்கு. நான் படுக்கட்டுமா?"

"இன்னும் ஏழு தானே. இடையில விட்டா கணக்குல சேராது. இரு."

நான் வயரை மாற்றினேன். ஒரு நிமிடம் பாட்டு ஓடியது. தட்டல் வரவில்லை. இரண்டு தரம் கூப்பிட்டேன். இரண்டாம் தரம் கோபமாகவே கூப்பிட்டேன். பிறகு விரிப்பை விலக்கிப் பார்த்தேன். தலை சாய்ந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது முடிந்துவிட்டது என்றார்கள்.

அவள் படுக்கட்டுமா என்று கேட்டதையும், நான் இரு என்று சொன்னதையும் யாரிடமும் சொல்லவில்லை. மக்கீனிடம்கூடச் சொல்லவில்லை. திடீரென்று நடந்தது என்றுதான் எல்லோருக்கும் சொன்னேன். சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

கருமாதி முடிந்ததும் அவளுடைய தங்கை ஜெயராணி, கஜாவின் சேலைகள், சாமான்கள் எல்லாவற்றையும் கம்பளையில் தன் வீட்டுக்குக் கொண்டு போய்விட்டாள். அந்தக் கொப்பியும் பென்சிலும் அதோடு போய்விட்டன. என் தாள் மட்டும் பிளேயருக்குக் கீழே கிடந்தது. விரிப்பை நான் கழற்றவில்லை. பத்து மாதம் அந்த அறைக் கதவைத் திறக்கவும் இல்லை. வேலை முடிந்து வந்து ஒரு கோப்பை தேத்தண்ணீரோடு குசினியிலேயே இருந்துவிடுவேன். ஒரு ஆளுக்குச் சோறு ஆக்குவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. எப்படி அளந்தாலும் மிஞ்சும்.

இந்த ஒக்டோபரில் ஒரு வியாழக்கிழமை. பின்னேரம் 5.40க்கு மக்கீன் போன் எடுத்தான்.

"மச்சான், கோவிச்சிக்காத. அந்தப் பெட்டிய ஒராள் கேக்குறாரு. நாளைக்கு வந்து எடுக்கவா?"

"எடு."

"ஒன்னு கேக்கவா? வித்தியாசம் ஈந்திச்சா?"

"இன்னும் முடியலடா," என்றேன். போனை வைத்துவிட்டேன்.

நாளைக்குப் பெட்டி போய்விட்டால் அந்தப் பரீட்சை ஒரு நாளும் முடியாது. அவளைப் பிடித்து உட்கார வைத்தது அந்த ஏழுக்காகத்தான். அதையாவது முடித்துவிட வேண்டும் என்று தோன்றியது. பைத்தியக்காரத்தனம்தான். வெறும் கதிரைக்கு யார் பாட்டுப் போடுவார்கள்? நான் போட்டேன்.

மழை விட்டபோது மணி 7.05. அறையைத் திறந்தேன். கதிரையைத் துடைத்தேன். அவள் உட்காரும் மெத்தையைத் தட்டி வைத்தேன். விரிப்புக்குப் பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்து காசைச் சுண்டினேன். தலை. புதுசு. க்ளிக்... பாட்டு ஆரம்பித்தது.

பத்து மாதத்துக்குப் பிறகு அந்தப் பாட்டு. நான் அழுதேன். ஒரு நிமிடம் முடிந்தது. பழக்க தோஷத்தில் காத்திருந்தேன்.

கைக்கடிகாரத்தில் மணி 7.22.

டொக்.

மழையில் நனைந்த கூரை மரம் என்று நினைத்தேன். பல்லியாக இருக்கும். ஓட்டுத் தண்ணீர் சொட்டியிருக்கும். தாளில் பதினான்கு என்று எழுதி, புதுசு என்று குறித்தேன்.

பதினைந்து. பூ. பழசு. க்ளிக். ஒரு நிமிடம்.

டொக்.

வேலைக்காரன் புத்தி போகுமா? சோதித்துப் பார்த்தேன். பாட்டே போடாமல் மூன்று நிமிடம் சும்மா இருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. பதினாறாவதை இருபது செக்கனில் நிறுத்தினேன். சத்தம் இல்லை. மிச்ச நாற்பது செக்கனையும் ஓடவிட்டேன். பாட்டு நின்ற அடுத்த கணம்...

டொக்.

பல்லிக்கு நிமிடக் கணக்குத் தெரியாது.

"யாரு?" என்றேன். பதில் இல்லை. பேசக் கூடாது என்பது என் சட்டம்.

எழுந்து ஓடியிருக்கலாம். ஆனால் கதவு விரிப்புக்கு அந்தப் பக்கம். கதிரையைத் தாண்டித்தான் போக வேண்டும். போனும் அந்தப் பக்கம் ஜன்னலில் இருந்தது.

பதினேழு. பழசு. பாட்டு ஓடும்போது பிரம்பு கிறீச் என்றது. நெடுநேரம் உட்கார்ந்தவர் இடுப்பை மாற்றி உட்காரும் சத்தம். அது எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம்.

டொக்.

மணி 7.41. பதினெட்டு. காசைச் சுண்டவில்லை. இரண்டு வயரையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். எதையும் செருகாமல் பாட்டை ஓடவிட்டேன். வயரைக் கழற்றினாலும், முன்பே எடுத்து வைத்ததில் பதினொரு செக்கனுக்குப் பாட்டு பிளேயரின் வயிற்றில் மிச்சம் இருக்கும். முன்பே அளந்து பார்த்திருக்கிறேன்.

எட்டு... ஒன்பது... பத்து...

பாட்டு நின்றது.

அறை அப்படியே அமைதி. தெருவில் நாய்கூடக் குரைக்கவில்லை.

அப்போது கேட்டது.

ஒரு மூச்சு. பாட முந்தி இழுக்கிற மாதிரி... மெதுவாக... நீளமாக. ஸ்பீக்கரில் இருந்து இல்லை. கதிரையில் இருந்து.

டொக்.

தாளில் பதினெட்டுக்கு நேரே ஒரு கோடு மட்டும் போட்டேன்.

பத்தொன்பது. எதைச் செருகினேன் என்று பார்த்துப் பார்த்து எழுதினேன். புதுசு.

டொக்.

இருபது. பழசு. வியர்வையில் வயர் வழுக்கியது. க்ளிக். அந்த ஒரு நிமிடம் முடியவே இல்லை.

டொக்.

மணி 7.58.

கிறீச்...

கதிரையில் இருந்து யாரோ எழுந்தார்கள்.

விரிப்பு என் பக்கமாக மெல்ல அசைந்தது. ஜன்னல் பூட்டியிருந்தது. காற்று இல்லை.

அசைந்த துணி திரும்பிப் போகவில்லை. அங்கேயே நின்றது... எதையோ கேட்கக் காத்திருப்பது போல.

நான் விரிப்பைப் பிடித்து இழுத்தேன். கயிறு அறுந்தது.

யாரும் இல்லை.

கதிரை மெத்தையில் ஒரு குழி. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல... மெல்ல... மேலே வந்தது.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. கதவைப் பூட்டவில்லை, செருப்பும் போடவில்லை. ரோட்டில் ஒரு ஆட்டோவை மறித்து மஹய்யாவயில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். இரவு முழுக்க லைட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சட்டைப் பையில் அந்தத் தாள் மட்டும் இருந்தது.

விடிந்ததும் அண்ணனின் செருப்பை மாட்டிக்கொண்டு கம்பளை பஸ்ஸில் ஏறினேன். எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது. அவள் எழுதிய பதின்மூன்று விடையும் என் தாளும் ஒத்துப் போகிறதா? அவள் சொன்னது சரியென்றால், அவள் சொன்னதை மறுத்த வாயால் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன்.

ஜெயராணி என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள்.

"என்ன மாமா, காலங்காத்தால?"

"அக்காட கொப்பி ஒன்னு... பச்சை மட்டை போட்டது."

"சேலைக்கு அடியில இருக்கு. நான் தொறக்கவே இல்ல மாமா. பார்த்தா அழுகை வருது."

இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து அலுமாரியைத் திறந்தாள். கற்பூர உருண்டை வாசம். கொப்பி சேலைகளுக்கு அடியில் இருந்தது. அதற்குள்ளேயே பென்சில்.

அங்கேயே நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதல் பதின்மூன்றில் ஏழு சரி, ஆறு பிழை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் அவ்வளவு வரும். அவளுக்கு வித்தியாசம் கேட்கவில்லை. நான் சொன்னதுதான் சரி. இதை நிரூபிக்கத்தான் அவளை எழும்ப விடாமல் வைத்திருந்தேன்.

பக்கத்தைத் திருப்பினேன்.

பதினான்கு, புதுசு. பதினைந்து, பழசு...

கஜாவின் எழுத்துத்தான். ரசீதுகளிலும் சாமான் பட்டியல் துண்டுகளிலும் இருபத்தாறு வருடம் பார்த்த எழுத்து. தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். பதினாறு சரி. பதினேழு சரி. பத்தொன்பது சரி. இருபது சரி.

நான் கோடு மட்டும் போட்ட பதினெட்டுக்கு நேரே இப்படி எழுதியிருந்தது: "ரெண்டும் இல்ல."

"நீ இதுல ஏதாவது எழுதினியா, ஜெயராணி?"

"நானா? சாவி என் இடுப்ப விட்டு எங்கயும் போகாது மாமா. ஏன், என்ன எழுதியிருக்கு?"

இருபதுக்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது.

"இருபதும் முடிஞ்சிருச்சுங்க. இப்ப நான் படுக்கட்டுமா?"

முந்தின இரவு அந்த விரிப்புக்கு அந்தப் பக்கம் அவள் இதைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் பதில் சொல்லாமல் ஓடி வந்துவிட்டேன்.