பாட்டு வேற, ஆளு வேற

கலையைப் பற்றி என் அண்ணன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பேசியிருக்கிறான். தாராவியில் பை தைக்கும் பட்டறை வைத்திருப்பவன். ஜிப்பு, பக்கிள், கூலி, இவற்றைத் தாண்டி அவன் வாயில் வேறு பேச்சு வந்து நான் கேட்டதில்லை. எங்கள் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கமிட்டித் தலைவர் ஆன வருஷம், கோயில் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னான்: "பாட்டு வேற, ஆளு வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பப்பிடாது." சுற்றியிருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். திலக் நகரிலிருந்து ஆட்டோ பிடித்து வந்திருந்த தங்கச்சி நான் மட்டும் ஆட்டவில்லை.

ஆள் என்று அவன் சொன்னது எங்கள் வில்லுப்பாட்டுக்காரரை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் வாழ்ந்தவர். கொடையில் வரத்துப் பாட்டு என்று ஒன்று உண்டு, அம்மனை வா என்று அழைக்கும் பாட்டு. அதை அவர் எடுத்தால் சாமி வந்தே தீரும். வருவது அவர் பெண்டாட்டி மேல். எனக்கு முறைக்கு மதினி. வருஷா வருஷம் அவர் பாட, அவள் ஆட, ஊர் அவளிடம் அருள்வாக்குக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு நிற்கும்.

அந்த மனிதர்தான் மதினியை அறைந்து இடது காதைச் செவிடாக்கினார். ஏதோ ஒரு நாள் கை நீட்டிய கதை இல்லை. தகரச் சுவர், சந்து முழுக்கக் கேட்கும். கடைசியில் நேருளில் வேறொருத்தியோடு குடித்தனம் போய்விட்டார். போலீசுக்குப் போன மதினியைப் பெரிய மனிதர்கள் பேசித் திருப்பி அழைத்து வந்தார்கள். அவள் கமிட்டியிடம் கேட்டது ஒன்றே ஒன்று: இந்தக் கொடைக்கு வேறு யாரையாவது பாட வையுங்கள். வருஷம் முழுக்க மாட்டுங்காவில் பாத்திரம் தேய்க்கிறவள் அவள். சாமியாடும் அந்த ஒரு நாள் ஊரே அவள் காலில் விழும். அவளுக்கென்று இருந்த இடம் அது மட்டும்தான். அங்கே நின்று அவர் பாட்டுக்கு ஆட வேண்டுமா என்பதுதான் பேச்சு.

"தைக்கவன் குடிச்சா பேன்ட் கிழிஞ்சிருமாட்டி?" என்றான் அண்ணன். "வட்டிக்கு விட்டு ஊர நாசமாக்குன ஹோட்டல்காரன் தோசைய நீ திங்கலையா?"

தின்றிருக்கிறேன். ருசியாகவே இருந்தது. அந்தப் பாட்டுக்காரரின் குரலும் எனக்குப் பிடிக்கும். அவர் இழுத்துப் பாடினால் எனக்கும் கண் கலங்கும். அதனால்தான் எனக்கு அவ்வளவு எரிச்சல்.

"போன வருசம் வில்லுக்குக் குடம் அடிக்கவன ஏன் வெரட்டுனிய?" என்று கேட்டேன்.

எல்லாரும் அதிர்ச்சியாகப் பார்த்தார்கள். விரதத்துக்குக் காப்புக் கட்டிய பிறகு அவன் சயான் ஸ்டேஷன் பக்கம் கறி வைத்த கீமா பாவ் தின்றதைக் கமிட்டி ஆள் ஒருவரே பார்த்துவிட்டார். அன்றைக்கே குடத்தோடு அனுப்பிவிட்டார்கள். குடம் வேற, வயிறு வேற என்று அப்போது ஒருவருக்கும் தோன்றவில்லை.

"அது தீட்டுட்டி," என்றான் அண்ணன். "இது குடும்ப விசயம். காய்கோ டென்ஷன்? ஒனக்கு எதுக்கு?"

அவரே பாடுவதென்று கூட்டம் முடிந்தது. மதினியிடம் நான்தான் போய்ச் சொன்னேன். "பாடட்டும். நான் நிக்கேன். வாறதும் வராததும் ஆத்தா இஷ்டம்," என்றாள்.

மதியக் கொடை. வெயிலில் பந்தல் தகரம் கொதித்தது. அவர் வில்லின் முன்னால் உட்கார்ந்து, வீசுகோலால் தட்டி, வரத்துப் பாட்டை எடுத்தார். சும்மா சொல்லக் கூடாது, அன்றைக்கு என்றுமில்லாத குரல். அவர் ஒரு அடி பாட, பக்கத்தில் இருந்த பின்பாட்டுக்காரர் வழக்கம்போல் "ஆமா" போட்டார். பெண்கள் குலவையிட்டார்கள். மதினிக்கு உடம்பு நடுங்கியது, தலைமுடி அவிழ்ந்தது. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான், ஜெயித்துவிட்டானாம்.

மதினி நேராக வில்லின் முன்னால் போய் நின்றாள். குனிந்து அவர் கையிலிருந்த கோலைப் பிடுங்கினாள்.

"எம் பிள்ளைய அடிச்ச கையால எனக்குப் பாட்டு வேண்டாம்," என்றாள், ஆத்தா பேசுகிற குரலில்.

"ஆமா," என்றார் பின்பாட்டுக்காரர்.

பாவம், தொழில் பழக்கம். ஒரு வரி முடிந்தால் அவருக்கு வாய் தானாகத் திறக்கும். பெண்கள் பக்கம் குலவை கூரையைப் பிய்த்தது. நானும் குலவையிட்டேன், தொண்டை கட்டும் வரை.

அன்று சாயங்காலமே கமிட்டி கூடியது. "வந்தது சாமி இல்ல. அவ மனசுல கெடந்ததப் பேசிட்டா. சாமி வேற, அவ வேற," என்றான் அண்ணன். அவள் வாக்கைக் கேட்டு வடாலாவில் இரண்டாவது பட்டறை போட்டவன் அவன். தன் மகளுக்கு மாப்பிள்ளை முடித்ததும் அவள் வாக்கில்தான். அப்போதெல்லாம் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. அடுத்த வருஷம் ஊரிலிருந்து ஒரு ஆண் சாமியாடியை வரவழைத்தார்கள். பாட அவரே வந்தார். பின்பாட்டுக்கு மட்டும் ஆளை மாற்றிவிட்டார்கள்.

அந்தக் கொடையில் மதினி பெண்கள் வரிசையில் என் பக்கத்தில் நின்றாள். அண்ணன் திருநீற்றுத் தட்டோடு வந்து, அவள் கையில் கொஞ்சம் போட்டுவிட்டு முகத்தைப் பார்க்காமல் நகர்ந்தான். எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"விடுங்க மதினி. அன்னைக்கு வந்தது சாமிதான்னு எங்க எல்லாருக்கும் தெரியும்," என்றேன்.

அவள் திருநீற்றைப் பூசிக்கொண்டாள்.

"சாமி வரல. நானாத்தான் ஆடுனேன், நானாத்தான் சொன்னேன்," என்றாள். "மொதல்ல நானா வந்து கேட்டப்பம் எவன் கேட்டான்?"

ஆத்தா பேரைச் சொல்லியும் எவனும் கேட்கவில்லையே என்று நாக்கு நுனி வரை வந்தது. எதிரே அவர் பாடிக்கொண்டிருந்தார், நன்றாகத்தான் பாடினார்.