மாடசாமி என்னைப் பாராட்டிய நாள்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஆபீஸில் எல்லோர் முன்னிலையிலும் மாடசாமி என்னை நல்லவன் என்று சொல்லிவிட்டான். அன்றைக்குத் தொடங்கிய வயிற்றுக் கலக்கல் இன்னும் நின்றபாடில்லை.

பாராட்டினால் வயிறு கலங்குமா என்று கேட்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் திருநெல்வேலிக்காரர் இல்லை.

மாடசாமி யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வாரத்துக்கு ஒரு நாள் இந்தப் பக்கத்தில் உங்களோடு வம்பளப்பதைத் தவிர, எனக்குச் சோறு போடுகிற வேலை ஒன்று இருக்கிறது. வண்ணார்பேட்டையில் ஒரு பம்ப்செட் கம்பெனியின் கிளை ஆபீஸ். முக்கூடலில் இருந்து ஒருவர் போன் பண்ணி, "மோட்டார் நல்லா ஓடுது சார், தண்ணிதான் வரமாட்டேங்கு" என்று சொன்னால், அதைப் பொறுமையாகக் கேட்டுக்கொள்கிற நாற்காலி என்னுடையது. பக்கத்து நாற்காலி மாடசாமியுடையது. ஸ்பேர் பார்ட்ஸ் அவன் பொறுப்பு. இரண்டு பேருக்கும் மீசை கறுப்பாக இருந்த காலத்தில் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம். அன்றிலிருந்து அவன் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறான்.

காலையில் உள்ளே நுழைந்தால், "வந்துட்டியாலே? ஒருநா வராம இருந்து ஆபீச வாழ விடேம்லே" என்பான். புதுச் சட்டை போட்டால், "எந்தக் கடை பொம்மைலேர்ந்து அவுத்துட்டு வந்த?" இந்தப் பத்தியைப் படித்தாயா என்று கேட்டால், "அதுலதான் வடை மடிச்சுத் தந்தான்லே. எண்ணெய் ஒட்டுன பக்கம் பூரா உன் மூஞ்சிதான்." எங்கள் பக்கத்தில் இதற்குப் பெயர் பிரியம். வேறு பெயர் கிடையாது. நானும் பதிலுக்குப் பிரியமாக நாலு வார்த்தை சொல்வேன். அச்சில் வராது.

இப்படி நிம்மதியாக இருந்த ஆபீஸுக்குப் போன வருஷம் ஒரு புது மேனேஜர் வந்தார். வெளியூர். சின்ன வயசு. நல்ல பையன்தான் — அதுதான் பிரச்சினை. உலகத்தில் எந்த நாளில் எதைக் கொண்டாடுகிறார்களோ, அதையெல்லாம் எங்கள் ஆபீஸிலும் கொண்டாட வேண்டும் என்றார்.

உங்களுக்குத் தெரியுமா, தூக்கத்துக்கு ஒரு நாள் இருக்கிறது. அன்றைக்கு எல்லோரும் பத்து நிமிஷம் கண்ணை மூடி உட்காரச் சொன்னார். மாடசாமி மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் கண்ணைத் திறந்தான். சிரிப்புக்கு ஒரு நாள். சிரித்தபடியே போன் எடுக்கச் சொன்னார். கிணற்றில் மோட்டார் விழுந்துவிட்டது என்று அழுதவரிடம் நான் சிரித்து, வாங்கிக் கட்டிக்கொண்டேன். தேநீருக்கு ஒரு நாள். அன்றைக்கு டீ மாஸ்டருக்கு நன்றி சொல்ல வேண்டுமாம். சரி என்று எதிர்க் கடைக்குப் போய், "டீ ரொம்ப நல்லா இருக்கு மாஸ்டர்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஒரு வாய் குடித்துப் பார்த்தார். பிறகு பாத்திரத்துப் பாலையெல்லாம் கீழே கொட்டிவிட்டு, "பால் லேசாத் திரிஞ்சிருக்குன்னு நேராச் சொன்னா என்ன அண்ணாச்சி?" என்றார்.

பார்த்தீர்களா? நன்றாக இருந்தால் எங்கள் ஆட்கள் எதுவும் சொல்லமாட்டார்கள். டம்ளரைக் காலியாக வைப்பார்கள், அவ்வளவுதான். ஒரு மனிதனை நாலு பேர் அறியப் புகழ்வதற்கு எங்களிடம் இரண்டே சந்தர்ப்பங்கள் உண்டு. ஒன்று, அவரை வேலையிலிருந்து அனுப்பும்போது. இன்னொன்று, உலகத்திலிருந்தே அனுப்பும்போது.

இந்த நாட்களைப் பற்றி நான் கண்டுபிடித்த ஓர் உண்மையும் உண்டு. எது போய்க்கொண்டிருக்கிறதோ, அதற்குத்தான் நாள் வைக்கிறார்கள். குருவி இருந்த காலத்தில் குருவிக்கு நாள் இருந்ததா? ஆற்றுக்கு ஒரு நாள் என்று தாமிரபரணிப் படித்துறைக்குப் போய் போட்டோ எடுத்துக்கொண்டோம். பிஸ்கட் கவர்களை அதே ஆற்றில் விட்டுவிட்டு வந்தோம். காக்காய்க்கு யாராவது நாள் வைத்திருக்கிறார்களா? கொசுவுக்கு உண்டாம்... ஆனால் அது கொசுவைப் பாராட்டுவதற்கு இல்லை என்கிறார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை, ஊழியர்களைப் பாராட்டும் நாள்.

இப்போது என் வயிறு புரிகிறதா?

கொஞ்ச நாளாகவே ஆபீஸில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. மேலிடத்தில் ஆள் அதிகம் என்கிறார்களாம், ஒரு தலை உருளுமாம். போன வருஷம் அக்கவுண்ட்ஸ் கோமதிநாயகம் அண்ணாச்சிக்கு இப்படித்தான் திடீரென்று சால்வை போட்டார்கள். ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். அண்ணாச்சியும் சந்தோஷமாகக் கை கூப்பினார். திங்கட்கிழமை அவர் இடத்தில் ஒரு பிரின்டர் இருந்தது.

எனக்கோ ஐம்பதைத் தாண்டியாயிற்று. மகள் காலேஜில் இருக்கிறாள். பத்தி எழுதிக் கிடைப்பது அவளுடைய பஸ்ஸுக்குக் காணாது. அந்த நாற்காலி போனால் எனக்கு வேறு நாற்காலி இல்லை.

மேனேஜர் எல்லோரையும் நிற்க வைத்தார். "ஒரு சின்ன ஃபன் ஆக்டிவிட்டி. ஒவ்வொருத்தரும் பக்கத்து சீட்ல இருக்கறவரைப் பத்தி மூணு நல்ல விஷயம் சொல்லணும்" என்றார். முதலில் மாடசாமியைக் கூப்பிட்டார். நான் காதைத் தீட்டிக்கொண்டேன். இவன் விடப்போகிற குண்டில் மேனேஜர் இந்தப் பழக்கத்தையே விட்டுவிடுவார் என்று நினைத்தேன்.

மாடசாமி தொண்டையைச் செருமினான். என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னான்.

"திரு. நெல்லையப்பன் அவர்கள் பழகுவதற்கு இனியவர். பண்பாளர். அவரோடு ஒன்றாக வேலை பார்த்ததை என்றும் மறக்க மாட்டேன்."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பண்பாளர். அந்த வார்த்தையை நான் இதுவரை பார்த்ததெல்லாம் ஃபிளெக்ஸில்தான். மேலே ஒருவர் போட்டோ, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. எல்லோரும் கை தட்டினார்கள். மேனேஜர் என்னை மட்டும் தனியாக நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்தார்.

இருக்கைக்கு வந்ததும் மாடசாமியைச் சுரண்டினேன். "ஏலே, என்ன விஷயம்? உனக்கு என்னவோ தெரியும். மறைக்காத."

"ஒண்ணுமில்ல. விடு" என்றான். ஒரு வசவுகூட இல்லை. அவன் என்னைத் திட்டாமல் விட்டது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொல்லவில்லை. வேறு என்ன பேசுவது என்று தெரியாமல், "நேத்து வச்ச ரசம் நல்லா இருந்துச்சு" என்றேன்.

"என்னங்க... நெஞ்சு வலிக்கா?" என்றாள் மனைவி. "எங்க இருக்கிய? பக்கத்துல யாராவது இருந்தா போனக் குடுங்க."

அவளைச் சமாதானப்படுத்துவதற்குள் என் பயம் இரட்டிப்பாகிவிட்டது. நல்ல வார்த்தை என்றால் கெட்ட சேதி என்று என் வீட்டுக்காரிக்கே தெரிகிறது. எனக்குத் தெரியாதா?

மத்தியானம் வரை பொறுத்தேன். இரண்டு மோட்டார் புகார்களை ஒன்றோடொன்று மாற்றி எழுதினேன். பிறகு, அவர்கள் வெட்டுவதற்கு முன்னால் நாமே கழுத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தால் என்ன என்று ஒரு யோசனை தோன்றியது. ஆகாத யோசனையெல்லாம் எனக்கு வெறும் வயிற்றில்தான் வரும்.

எங்கள் கம்பெனிக்குக் கொற்கையில் ஒரு குடோன் இருக்கிறது. அந்தப் பக்கத்து வாழைக்காரர்களுக்குக் குழாயும் மோட்டாரும் அங்கிருந்துதான் போகின்றன. பார்த்துக்கொண்டிருந்தவர் ராஜினாமா செய்துவிட்டுப் போய் மாதங்களாகின்றன. யாரும் போக மாட்டேன் என்கிறார்கள். பாண்டியர் காலத்தில் அது பெரிய துறைமுகம். முத்தும் கப்பலுமாக இருந்த ஊர். இப்போது கடல் எங்கோ தள்ளிப் போய்விட்டது. கடலே இருக்க மாட்டேன் என்று போன ஊருக்கு எவன் போவான்?

நான் போனேன். மேனேஜர் அறைக்குள் நுழைந்து, அவர் உட்காருங்கள் என்று சொல்வதற்குள் ஆரம்பித்துவிட்டேன்.

"சார், வயசாயிட்டுன்னு நெனச்சிராதீங்க. எந்த வேலைனாலும் பாப்பேன். எங்க போகச் சொன்னாலும் போவேன். கொற்கை குடோனுக்குனாலும் சரி, திங்கக்கிழமையே கிளம்பிருதேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நிஜமாவா சொல்றீங்க சார்?"

"சத்தியமா சார்."

அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "எனக்கு எவ்வளவு பெரிய உதவி தெரியுமா? வேற வழியில்லாம மாடசாமி சாரைத்தான் அனுப்பறதா இருந்தது. இன்னைக்குக் காலைலதான் அவர்கிட்ட சொன்னேன். பாவம், முகமே செத்துப்போச்சு. அவங்க அம்மா படுத்த படுக்கையாமே?"

மாடசாமியின் அம்மாவை எனக்குத் தெரியும். வீடு ஆபீஸுக்குப் பின் தெருவில்தான். தினமும் மத்தியானம் அவன் ஓடிப்போய் ஊட்டிவிட்டு வருவான். வேறு யார் கொடுத்தாலும் அந்த அம்மா வாயைத் திறக்காது. ஆக, காலையில் அவன் துடைத்த கண்ணீர் எனக்காக இல்லை. தன் பிரிவு உபசாரத்தைத் தானே நடத்தியிருக்கிறான் அந்தப் பாவி. நான் அதற்குள் குறுக்கே போய் விழுந்திருக்கிறேன்.

"அப்போ... என் விஷயம் என்ன சார்?" என்றேன்.

"உங்க விஷயமா? உங்களுக்கு என்ன சார்? உங்களை யாரு போகச் சொன்னா?"

"அந்த போட்டோ?"

"குரூப்ல போடத்தான். எல்லாரையும் எடுத்தேனே, கவனிக்கலையா?"

நான் எங்கே கவனித்தேன்? என் ஃபிளெக்ஸுக்கு எந்தச் சட்டை எடுப்பாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அன்று ராத்திரி பூராவும் ஒத்திகை பார்த்தேன். பி.பி. ஏறிவிட்டது, டாக்டர் பஸ்ஸில் போகக் கூடாது என்கிறார், ஏதோ ஒரு வேகத்தில் சொல்லிவிட்டேன் சார். இதைத்தான் மறுநாள் மேனேஜரிடம் சொல்வதாக இருந்தேன். வசனம் சுத்தமாக மனப்பாடம் ஆகியிருந்தது.

சனிக்கிழமை ஆபீஸ் வாசலில் மாடசாமி நின்றான். மேனேஜர் அதற்குள் குரூப்பில் என் போட்டோவைப் போட்டு, சக ஊழியருக்காகத் தன் இடத்தை விட்டுக்கொடுத்த பெரிய மனசு என்று எழுதியிருந்தார். கீழே வரிசையாகக் கும்பிடு பொம்மைகள்.

மாடசாமி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "அம்மாட்டச் சொன்னேன். உங்களக் கும்பிடணும்ங்காங்க" என்றான்.

இதற்கு மேல் பி.பி.யைப் பற்றி என்ன பேசுவது? நான் பின்வாங்கினால் அவன் போக வேண்டும். அந்த அம்மா பட்டினி. இப்படித்தான் ஐயா நான் நல்லவனானேன்... தப்பித்து ஓட ஒரு வழியும் இல்லாமல்.

ஆனாலும் உண்மையை அவனிடம் மட்டுமாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். "ஏலே மாடசாமி, நான் உனக்காவ ஒண்ணும் செய்யலலே. என்னத் தூக்கப் போறாங்கன்னு பயந்து போய் உளறிட்டேன். உனக்கு மாத்தல் போட்டிருக்குன்னே எனக்குத் தெரியாது. கேவலமாத் திட்டு, கேட்டுக்கிடுதேன்."

அவன் டம்ளரை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். கண் நிறைந்திருந்தது.

"செய்ததச் சொல்லிக் காட்டாம, இப்படி மறைக்கியளே... இந்த மனசு யாருக்கு சார் வரும்?"

சார். என்னை.

டீ மாஸ்டரும் கேட்டுக்கொண்டிருந்தார். அவரும் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

அந்தத் திங்கட்கிழமையிலிருந்து நான் கொற்கையில் இருக்கிறேன். ஊரைக் குறை சொல்ல மாட்டேன். காற்று வருகிறது, குளம் இருக்கிறது, வாழை இருக்கிறது. குடோனில் குழாய்களுக்கு நடுவில் எனக்கென்று ஒரு நாற்காலியும் இருக்கிறது. பக்கத்தில் இன்னொரு நாற்காலிதான் இல்லை. பகல் பூராவும் என்னை ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. கண்ட சட்டையையும் போட்டுக்கொண்டு போகலாம்.

போன வாரம் வண்ணார்பேட்டை ஆபீஸுக்கு ஒரு வேலையாகப் போயிருந்தேன். என்னைப் பார்த்ததும் மாடசாமி எழுந்து நின்றான். தன் நாற்காலியைத் துண்டால் தட்டி எனக்குப் போட்டான். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். "உங்க புண்ணியத்துல நல்லா இருக்காங்க" என்றான். பிறகு இரண்டு பேரும் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் விடவில்லை. அவனுடைய வழுக்கையைச் சொன்னேன். தொப்பையைச் சொன்னேன். அவன் அனுப்பிய தப்பான பேரிங்கால் கொற்கையே என்னைத் துரத்துகிறது என்றேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டு மரியாதையாகச் சிரித்தான். கோயிலில் அர்ச்சகர் சொல்வது புரியாமல் நாம் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு.

பஸ் ஏற்றிவிட ஸ்டாண்டு வரை வந்தான். ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தான். "பையப் போங்க சார்" என்றான்.

வருஷம் பூராவும் விதவிதமாக நாட்கள் இருக்கின்றன என்கிறார்களே... கூட வேலை பார்த்தவனை வாயாரத் திட்டுவதற்கென்று எங்காவது ஒரு நாள் இருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு, மாடசாமிக்கு எதிரில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.