மேளத் தடை மாதத்தில் கம்ப்ரஸர் போட்ட தாளம்

ஒப்லிட்டேயின் காது போன விஷயம் தேமா மீன் துறைமுகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அவன் மனைவி ஷோமே, நான், அப்புறம் கடவுள். கடவுள் வெளியே சொல்லவில்லை.

ஷோமே என் தாய்மாமன் மகள். அவருடைய இரண்டாம் தாரத்துப் பெண். முதல் தாரத்து மகன் அனும். ஒரே அப்பன், இரண்டு அடுப்பு. அந்த அனும்தான் மீன் குளிர்கிடங்கின் கேட்டில் தலைமைக் காவலாளி. ஒப்லிட்டே அதே கிடங்கின் மெஷின் அறையில் இருந்தான். அம்மோனியாவை அழுத்திச் சுற்றவிடும் பெரிய கம்ப்ரஸர் அவன் பொறுப்பு. அது நின்றால் கிடங்கிலுள்ள மீன் மொத்தமும் நாறிப்போகும். அதன் பக்கத்திலேயே பாதி ஆயுளைக் கழித்ததில் காது அடைத்துப்போனது.

மேனேஜர் ஆடம்ஃபியோவுக்குத் தெரிந்தால் கேட்டுக்கு அனுப்பிவிடுவார். கேட்டில் அனுமுக்கு சல்யூட் அடிக்க வேண்டும். "அதுக்கு அம்மோனியாவ மோந்துட்டுச் செத்துப்போலாம்" என்பான் ஒப்லிட்டே.

அதனால் ஒரு வித்தை வைத்திருந்தான். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை மெஷின்மேல் ஊன்றி, பிடியைப் பல்லில் கடித்துக்கொள்வான். மெஷினின் நாடி தாடை வழியாக மண்டைக்கு ஏறும். புதிதாக வந்தவர்கள் இதைப் பெரிய தொழில் ரகசியம் என்று நினைத்தார்கள். அவனும் மறுக்கவில்லை.

அனுமின் பேத்திக்குப் பெயர் வைத்த நாளில் அதற்கும் கேடு வந்தது. ஒப்லிட்டே பீர் பாட்டிலைக் கையில் எடுக்கும்போதே அனும் ஆரம்பித்துவிட்டார்.

"மாப்ளே, ஓப்பனர் தரச் சொல்லட்டுமா? வயசான காலத்துல எதுக்கு ரிஸ்க்கு?"

"மச்சான், உங்க தலைய வேணும்னாலும் பல்லால திறப்பேன். உள்ள ஒண்ணும் இருக்காது, அதான் பாக்கறேன்."

பாட்டில் மூடி அப்படியே இருந்தது. முன்பற்கள்தான் போயின. கட்டிய செயற்கைப் பல் வாயில் தொளதொளவென்று ஆடியது. ஸ்க்ரூடிரைவரைக் கடித்தால் பல் ஆட்டம்தான் மண்டைக்குப் போனதே தவிர, மெஷினின் நாடி போகவில்லை. கொஞ்ச நாள் குருட்டாம்போக்கில் ஓட்டினான்.

பிறகு ஹோமோவோ அறுவடைத் திருவிழாவுக்கு முந்தைய மேளத் தடை வந்தது. விதை முளைக்கும்வரை சாமிகளுக்கு அமைதி வேண்டும். எவனும் மேளம் தொடக் கூடாது. நான் சொல்லும் நாள் செவ்வாய்க்கிழமை வேறு, கடலுக்கு யாரும் போகாத நாள். படகு எஞ்சின் ஒன்றுகூட உறுமவில்லை. நான் மெஷின் அறை ஜன்னலோரம், விற்கக் கொண்டுவந்த சோளமாவுக் கெங்கே உருண்டைக் கூடையோடு உட்கார்ந்திருந்தேன். தடையைக் காவல் காக்கும் பூசாரியின் ஆட்கள் கம்போடு வந்தார்கள். முன்னால் வந்தவன் தவியா.

"உள்ள யாரோ மேளம் அடிக்கிறான்" என்றான்.

அனும் கேட்டை அகலத் திறந்துவிட்டார். "தம்பி, நேரா மெஷின் ரூமுக்குப் போங்க" என்று வழியும் காட்டினார்.

தவியா ஒப்லிட்டேயின் முகத்துக்கு நேரே நின்று கத்தினான். "பெரியவரே, மேளத்த எடுத்துக் குடுங்க. உடைச்சிட்டுப் போயிடறோம்."

"எந்த மேளம்?"

"டும்டக்க டும்டக்கன்னு தெருக்கோடி வரைக்கும் கேக்குது, எந்த மேளமா?"

ஒப்லிட்டே சுற்றிலும் பார்த்தான். தவியாவுக்குப் பின்னால் நின்ற தடியன் ஒருவனின் கால், அவனை அறியாமலே தாளம் போட்டுக்கொண்டிருந்தது. ஒப்லிட்டே அந்தக் காலைப் பார்த்தான். கம்ப்ரஸரைப் பார்த்தான். குழாயோடு நிற்கவேண்டிய வெண்பனி மெஷினின் கழுத்துவரை ஏறியிருந்தது. வாயுவாக வரவேண்டிய அம்மோனியா திரவமாகவே உள்ளே புகுந்து பிஸ்டனைத் தாளம் போட்டு மொத்திக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் மெஷினின் மண்டை வெடித்து, துறைமுகமே கண்ணெரிந்து ஓடியிருக்கும்.

பாய்ந்து மெஷினை நிறுத்தினான்; வால்வை இறுக்கி மூடினான். தடியனின் கால் நின்றது.

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். அவரிடம் தவியா ஒரு கிடாவும் இரண்டு பாட்டில் ஷ்னாப்ஸ் சாராயமும் அபராதம் கேட்டான்.

"மெஷினுக்கு ஏதுய்யா தடை?"

"இரைச்சலுக்குத் தடை இல்லீங்க. தாளத்துக்கு உண்டு."

மேனேஜர் திரும்பி, வால்வோடு போராடிக்கொண்டிருந்தவனின் முதுகைப் பார்த்து, "ஒப்லிட்டே" என்றார். மறுபடியும் கூப்பிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு கெங்கே உருண்டையை எடுத்து அவன் முதுகில் எறிந்தேன். அவன் மேனேஜரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "அக்கா, ஒனக்கு என்ன கொழுப்பா?" என்று கத்தினான். ரகசியம் அதோடு சரி.

"தெருவே கேட்டது உனக்குக் கேக்கல" என்றார் மேனேஜர், அவன் முன்னால் வந்து நின்று. "மீனக் காப்பாத்திக் குடு. நாளைலேருந்து கேட்ல நில்லு."

வாசற்படியில் நின்ற அனும் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

ஒப்லிட்டே மெஷின் பக்கம் திரும்பினான். அம்மோனியா தொட்டியில் மிதவை சிக்கியிருந்தது, விடுவித்தான். உள்ளே தேங்கியதை வடித்துவிட்டு, மெஷினை மெல்லக் கிளப்பினான். சரியாகிவிட்டதா என்று தெரிய வேண்டுமே. பல்செட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ஈறால் கடித்துப் பார்த்தான். நெற்றியை வைத்துப் பார்த்தான். கடைசியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தடியனின் காலையே உற்றுப் பார்த்தான்.

"காலு சும்மா கெடக்கு. மெஷின் நல்லாருக்கு" என்றான்.

தவியா சிரித்துவிட்டு அனுமிடம் கேட்டான். "கேட்ல இருந்த ஒங்களுக்குக் கேக்கலியா?"

"எனக்கா? காலைலேருந்து கேட்டுது. என் காது நாய்க்காது."

"காலைலேருந்தா?" என்றார் மேனேஜர்.

மாப்பிள்ளை மாட்டட்டும் என்று காலையிலிருந்து ரசித்துக்கொண்டிருந்த அனும், இப்போது தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"வால்வு தெரிஞ்சவனுக்குக் காது இல்ல. காது இருக்கறவனுக்கு வேற ஒண்ணும் இல்ல" என்றார் மேனேஜர். "அவன் இங்கயே இருக்கட்டும். நாளைலேருந்து நீ உன் காதக் கொண்டுவந்து இவன் பக்கத்துல உக்காரு. சத்தம் மாறினா காலைத் தட்டு."

"சார், கேட்டு?"

"கேட்டுக்குக் காது வேணாம்."

கிடாவைத் தவியாவின் ஆட்கள் தின்று தீர்த்தார்கள். ஒப்லிட்டேயும் அனுமும் ஓய்வு பெறும்வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கேட்டு வேலை போன கதையை, சம்பளத்தை, மூட்டுவலியை, தங்கச்சியை இவனுக்குக் கட்டிக்கொடுத்த மடத்தனத்தையெல்லாம் அனும் நாள் முழுதும் புலம்புவார். ஒப்லிட்டே அவர் முகத்தை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அவர் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பான்.